கிண்ணம் நிறைய ஊற்றச் சொன்னது நான்

அன்பு மகன் எல்டியாருக்கு, அம்மா எழுதுவது.

உடம்பு சுகமா, சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துப்போகிறதா, அங்கே மழை தொடங்கிவிட்டதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், கேட்காமல் தொடங்கினால் மனசுக்குச் சரிப்படாது. இங்கே எல்லோரும் சுகம் என்றும் எழுத வேண்டும். அப்பா சுகம், மாடுகள் சுகம், செம்மறிகளும் குட்டிகளும் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டன. நான் எப்படி என்பதைப் பிறகு எழுதுகிறேன். உன் மனைவியும் பிள்ளையும் எப்படி என்று கேட்டால், அவர்கள் இந்த வீட்டில் இல்லை. பெர்மெத் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஷ்-ஆர்ச்சாவுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், அது உனக்கும் தெரியும். ஏன் போனாள் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ சரிம்மா, புரியுதும்மா, மெஷின் ஓடுதும்மா என்று மூன்று சொல்லிவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உன் கூட வேலை செய்கிற கைராட் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கொரியாவுக்குக் கிளம்புகிறான், அவன் கொண்டுவருகிற, நான் தயிரை உருட்டிக் காயவைத்த குருத் உருண்டைப் பைக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். குருத்தை அப்புறம் கடித்துக்கொள், இதை முதலில் படி. இத்தனை வருஷம் ஊரார் கடிதங்களைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தேனே தவிர, இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பெர்மெத்தை எதற்காகத் திட்டினாயோ அந்த இரண்டு காரியத்துக்கும் காரணம் நான்தான். நான் தெருவில் நடந்ததும் தண்ணீர் தூக்கியதும் என் இஷ்டம். உரும்கான் அத்தைக்குக் கிண்ணம் நிறைய டீ ஊற்றச் சொன்னதும் நான். இதை எழுதிவிட்டேன், இனி மீதியை நிதானமாகச் சொல்கிறேன்.

தபால் வேலையில் இருந்தவரை எனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மேல்தெரு, கீழ்த்தெரு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை, எல்லாம் நடைதான், பனியில் பூட்ஸ் புதையப் புதைய நடை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், அதே இலையுதிர் காலத்தில் பெர்மெத் மருமகளாக வந்தாள். மருமகள் வந்த வீட்டில் மாமியார் கெட்டிலைத் தொட்டால் ஊர் யாரைப் பேசும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு நேர் எதிரே, மரியாதை இடத்தில், மெத்தைமேல் மெத்தை போட்டு முதுகுக்குத் தலையணை வைத்து என்னை உட்கார வைத்தார்கள். நானும் காலை மடித்து உட்கார்ந்தேன். டீ வந்தது, ரொட்டி வந்தது, வெண்ணெய் வந்தது, மறுபடியும் டீ வந்தது. முதல் வருஷம் சொர்க்கம் என்றுதான் நினைத்தேன். நீ விமானம் ஏறும்போது, அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாய், நான் அப்போது பெருமைப்பட்டுக்கொண்டேன். இரண்டாம் வருஷம் எழுந்திருக்கும்போது முழங்காலுக்குள் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலையில் கால் நீட்ட வராது, பிடித்துப் பிடித்து நீட்ட வேண்டும். கொல்லைப்பக்கம் ஒதுங்கினால் குந்தி உட்கார முடியாது, உட்கார்ந்துவிட்டால் எழ முடியாது. இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது.

ஆசான்பெக் வீட்டு விருந்தில் எல்லோரும் எழுந்தபோது என்னால் எழ முடியாமல் இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். உரும்கான் அத்தை, உன் அப்பாவின் அக்காவுக்கு நாக்கு எவ்வளவு நீளம் என்று தெரியுமே, "அடியே சாய்கால், இனி உன்னைக் குதிரைமேல ஏத்தணும்னா ஊரே திரண்டு வரணும் போலிருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து தனியாக அழுதேன். உன் அப்பா பயந்துபோய் மறுநாளே ஆட்டை அறுத்தார். தோலைச் சூட்டோடு உரித்து என் இரண்டு காலிலும் சுற்றி, மேலே கம்பளியைப் போட்டு, அசையக் கூடாது என்று உத்தரவு போட்டார். சூடு ஆறும்வரை சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் வலி அதே இடத்தில் இருந்தது, நம் நாய் மட்டும் என் பாவாடையை மோந்துகொண்டு ஒரு வாரம் கூடவே அலைந்தது. நீ அங்கிருந்து பெட்டி பெட்டியாக அனுப்புகிறாயே வலிக்கு ஒட்டுகிற பட்டை, அதையும் இரண்டு முழங்காலிலும் மாறி மாறி ஒட்டிக்கொண்டேன். தினமும் பிரித்து ஒட்டிவிட்டவள் பெர்மெத்.

கடைசியில் ஊர் மருத்துவ நிலையத்து நாஸ்குலிடம் போனேன். அவள் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் படம் எடுக்க வைத்தாள். எலும்புத் தேய்மானம் கொஞ்சம் இருக்கிறது, அது என் வயசுக்கு எல்லோருக்கும் இருப்பதுதான், தொடையில் சதையே இல்லை, அதுதான் பெரிய கேடு என்று அங்கே டாக்டர் சொன்னார். நாஸ்குல் சொன்னது இன்னும் உறைத்தது. "அக்கா, வலிக்குதேன்னு உக்காந்துட்டீங்க, உக்காந்ததால கால் இன்னும் பலம் கெட்டுப்போச்சு. உங்களுக்கு மாத்திரையைவிட ஒரு நாற்காலிதான் முதல்ல வேணும்" என்றாள். தரையில் மணிக்கணக்காகக் காலை மடித்து உட்காராதே, நாற்காலியில் உட்கார், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு வை. நாற்காலியில் இருந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை முகத்துப் பக்கம் இழுத்துப் பிடித்து, மெதுவாக இறக்கு. கையை ஊன்றாமல் எழுந்து நில், மறுபடி உட்கார். தினமும் நட, முதலில் கொஞ்ச தூரம், பிறகு கூடுதலாக. நடக்கும்போது சிறிது வலித்தால் பயப்படாதே, மறுநாள் காலையிலும் வலி ஏறியபடியே இருந்தால் அன்றைக்குக் குறைத்துக்கொள், ஆனால் ஒரேயடியாகப் படுத்துவிடாதே. இவ்வளவுதான் அவள் வைத்தியம். கேட்க எளிதாக இருந்தது. நான் தெருவில் இறங்கிய முதல் நாளே எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "மருமகளை வச்சுக்கிட்டு நீங்க எங்க கிளம்பிட்டீங்க, வீட்டுல ஏதாச்சும் சண்டையா" என்று கேட்டாள்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் உன் மனைவி. அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியாது, நீ அவளோடு இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தினமும் பால் கறந்தபிறகு கன்றுக்குட்டியை வேண்டுமென்றே அவிழ்த்துவிடுவாள். பிறகு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "அத்தை, கன்னுக்குட்டி போயிடுச்சு, பிள்ளை அழுது, நான் போக முடியல" என்று கத்துவாள். நான் கம்பை எடுத்துக்கொண்டு கன்றைத் தேடப் போவேன். அதுவும் பழகிவிட்டது, பாப்ளார் மர வரிசைக்குப் போய் எனக்காக நின்றுகொண்டிருக்கும். முதலில் மரம் வரை, பிறகு வாய்க்கால் வரை, வசந்தம் வருவதற்குள் பாலம் வரை போய்விட்டேன். மாவு பிசைந்துகொண்டே நான் காலை நீட்டி மடக்குவதைப் பார்த்து, "இன்னும் தூக்குங்க, ஏமாத்தாதீங்க" என்பாள். நான் தண்ணீரும் தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தபோது, ஒரு கையில் முழு வாளி தூக்கினால் இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கமாக இழுக்கும் என்று இரண்டு கையிலும் அரை அரை வாளியாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதும் அவள்தான், நாஸ்குலிடம் கேட்டு வந்து சொன்னாள். அந்த இரண்டு அரை வாளியைத்தான் யாரோ பார்த்து, மாமியாரைத் தண்ணீர் சுமக்க விடுகிறாள் என்று உரும்கான் அத்தையிடம் சொல்லி, அத்தை உனக்குச் சொல்லி, நீ இரண்டு முழு வாளியாக்கிக்கொண்டாய். மகனே, என் கால் இப்போது குந்தி எழுகிறது. அதற்கு நீ அனுப்பிய பட்டை காரணம் இல்லை.

இப்படி என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் கையை நான் பார்க்கவில்லை. ஆய்பீகே பிறந்தபிறகுதான் தொடங்கியிருக்கிறது. பிள்ளை நல்ல கனம், உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். பிள்ளையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்து ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்குவது. அதோடு மூன்று மாடு, இரண்டு வேளை கறவை. அதோடு மாவு. அதோடு டீ. விருந்தாளிக்கு டீ ஊற்றுவது என்றால் சும்மாவா, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முதலில் சிறிய கெட்டிலிலிருந்து சாறு, பிறகு சமோவாரிலிருந்து வெந்நீர், பிறகு பால், அதுவும் கிண்ணத்தில் பாதிக்கும் கீழே. ரெண்டு வாய் குடித்ததும் கிண்ணம் திரும்பி வரும், மறுபடி ஊற்ற வேண்டும். கொஞ்சம் ஊற்றினால், இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். பத்துப்பேர் உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் அந்த மணிக்கட்டு எத்தனை தரம் சாயும் என்று நாம் யாராவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா. இடது கையால் ஊற்றினால் மரியாதை இல்லை, ஆகவே கையை மாற்றவும் முடியாது. ஒரு நாள் எனக்குப் பட்டை ஒட்டும்போது அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் கெட்டில் கையிலிருந்து நழுவி அடுப்பங்கரையில் விழுந்தது, நல்லவேளை பிள்ளை அந்தப் பக்கம் இல்லை. இழுத்துக்கொண்டு நாஸ்குலிடம் போனேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி விரல்களை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக லேசாகச் சாய்த்தாள், பெர்மெத் போட்ட சத்தத்தில் வெளியில் காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கட்டைவிரலுக்குப் போகிற நாணைச் சுற்றி வீங்கியிருக்கிறது, கைக்குழந்தைக்காரிகளுக்கு வருவதுதான், கட்டைவிரல் அசையாமல் கட்டுப் போட்டு ஆறு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கினால் உள்ளங்கையை அடியில் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும், கறவை கூடாது, பொறுத்துப் பார்த்துத் தீராவிட்டால் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டும் என்றாள். இப்படியே விட்டால் கை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெர்மெத் கெஞ்சினாள். "அத்தை, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கையாகாத பொண்ணைக் கட்டிட்டு வந்துட்டோம்னு பெரியத்தை ஊரெல்லாம் சொல்லுவாங்க. அவர் காதுக்கும் போகும்" என்றாள். பெரியத்தை என்றது உரும்கான் அத்தையை, அவர் என்றது உன்னை. நானும் சரி என்றேன். யாரும் இல்லாதபோது கட்டுப் போட்டுக்கொள்வாள், வெளியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவிழ்த்துப் பாவாடைக்குள் செருகிக்கொள்வாள். நான் யாருக்கும் தெரியாமல் நடந்தேன், அவள் யாருக்கும் தெரியாமல் கட்டுப் போட்டாள், நல்ல வீடு போ.

அந்த நேரம் பார்த்து உரும்கான் அத்தை தன் சம்பந்தி வீட்டாரையெல்லாம் கூட்டிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தாள். விரிப்பு போட்டு, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைக் கொட்டி, வெண்ணெய், ஜாம் எல்லாம் வைத்து எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. நான் மட்டும் ஸ்டூலில், அதற்கே அத்தை ஒரு மாதிரி பார்த்தாள். பெர்மெத் கட்டை அவிழ்த்துவிட்டுச் சமோவார் பக்கம் உட்கார்ந்து ஊற்ற ஆரம்பித்தாள். முதல் சுற்று ஓடியது, இரண்டாவது சுற்றில் கெட்டில் மூக்கு நடுங்கியதைப் பார்த்தேன், மூன்றாவதில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், நெற்றியில் வேர்வை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குனிந்து, "நிறைய ஊத்துடி" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். "நிறைய ஊத்து, சீக்கிரம் திரும்பி வராது" என்றேன். அவள் ஊற்றினாள். பெரியவள் என்று அந்தக் கிண்ணம் முதலில் அத்தையிடம்தான் போயிற்று. விளிம்புவரை ததும்புகிற கிண்ணம். அத்தை அதைப் பார்த்தாள், தன் சம்பந்திகளைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விருந்து முடிந்ததும் செய்கிற வேண்டுதலாக இரண்டு கையையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டு, "போதும்மா, வழி தெரிஞ்சுடுச்சு. எழுந்திருங்க எல்லாரும், இந்த வீட்டு மருமக வாசலைக் காட்டிட்டா" என்று எழுந்துவிட்டாள். உன் அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. நான் வாயைத் திறந்தேன், சமோவாருக்குப் பின்னாலிருந்து பெர்மெத் வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கேட்டுக்கொண்டதற்காக மூடினேன், ஆனாலும் மூடியிருக்கக் கூடாது.

மறுநாள் நீ போன் செய்தாய். அவள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்ததால் போனைப் பக்கத்தில் வைத்து வெளியே கேட்கும்படி போட்டிருந்தாள், ஆகையால் நீ பேசியது முழுவதும் நானும் கேட்டேன். மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். "எங்கம்மாவைத் தண்ணி தூக்க விடுற, தெருத்தெருவா அலைய விடுற, இப்ப வீட்டுக்கு வந்த பெரியவங்களையும் விரட்டுறியா? நாள் பூரா வீட்டுல உக்காந்து என்னதான் பண்ற நீ? ஒரு டீ ஊத்த வலிக்குதா உனக்கு?" என்று கேட்டாய். அவள் "ஆமா" என்றாள். நீ அதற்குள் வைத்துவிட்டாய். அந்த ஆமாவை நான் மட்டும்தான் கேட்டேன். அவள் அழக்கூட இல்லை, பிள்ளையின் வாயைத் துடைத்தாள், துணியை மடித்தாள், பால்காரன் வண்டியில் ஏறித் தஷ்-ஆர்ச்சாவுக்குப் போய்விட்டாள். எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இத்தனை நாள் உன் போனை எடுக்காமல் அப்பாவிடம் தள்ளிவிட்டேன்.

அப்பாவிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், இனி என்ன ரகசியம். அவர் எழுந்து தொழுவத்துக்குப் போனார். மூன்று மாட்டையும் கறந்துவிட்டு வந்து விரல்களை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணு இதைத் தினமும் ரெண்டு வேளையா பண்ணிச்சு?" என்று கேட்டார். ஆனால் அவளைப் போய்க் கூட்டிவரலாம் என்றால் மட்டும், பையனைப் பெற்றவர்கள் போய் வாசலில் நிற்பதா என்று முறுக்கிக்கொண்டார். குதிரையும் தரமாட்டேன் என்றார். நான் உரும்கான் அத்தை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கை வலின்னா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, கெட்டிலை இங்க குடுன்னு வாங்கி நானே ஊத்தியிருப்பேனே" என்றாள். அப்புறம், "நான் அவன்கிட்ட வருத்தத்தைச் சொன்னேன், பொண்டாட்டியைத் திட்டுன்னா சொன்னேன்?" என்று உன்மேல் பாய்ந்தாள். கோபக்காரிதான், ஆனால் அவள் கண்ணும் கலங்கியது.

நேற்று முன்தினம் நான் தஷ்-ஆர்ச்சாவுக்கு நடந்தே போனேன். ஆமாம், நடந்துதான். கம்பை வலி இல்லாத காலுக்குப் பக்கத்துக் கையில் பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் சின்னச் சின்ன எட்டாக வைத்து, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி நடந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தக் கால்கள் போய் வெகுகாலம் ஆயிற்று. தஷ்-ஆர்ச்சா மேட்டில் வலது முழங்கால் நின்றுவிட்டது, திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், திரும்பினாலும் அதே தூரம் என்று மேலே போனேன். வழியில் காரை நிறுத்தி ஏறச் சொன்னார்கள், ஏறவில்லை. நடந்து வந்தாள் என்று சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

சம்பந்தி சோனுன் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு வாங்க என்று ஒரு சொல் சொன்னாள், அவ்வளவுதான். உள்ளே உட்கார வைத்தாள். அவளே டீ ஊற்றினாள். கிண்ணம் நிறைய, விளிம்பு தாண்டித் தட்டில் சிந்தும்படி ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டி, "குடிங்க சம்பந்தி, உங்க வீட்டுல இப்படித்தானே ஊத்துவாங்க" என்றாள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி ஊற்றியதில்லை. முகம் சுட்டது. எழுந்துவிடலாம், ஆனால் அத்தனை தூரம் நடந்த கால் உடனே எழுந்திருக்காது, அதுவும் ஒரு நன்மைதான். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். கிண்ணத்தை நீட்டி, "நல்லா இருக்கு, இன்னொண்ணு ஊத்துங்க. நிறையவே ஊத்துங்க" என்றேன். சோனுன் என்னை நிமிர்ந்து பார்த்தாள், உதடு ஒரு பக்கமாகக் கோணியது, பிறகு உள்ளே திரும்பி, "உன் அத்தை வந்திருக்காங்க, வா" என்று கூப்பிட்டாள்.

பெர்மெத் வந்தாள். கட்டு எல்லோருக்கும் தெரியும்படி வலது கையில் இருந்தது. பிள்ளை இடுப்பில். மெலிந்திருக்கிறாள். முதல் காரியமாக என் முழங்காலைத்தான் பார்த்தாள், வீங்கியிருந்தது, ஈரத்துணி கொண்டுவந்து இடது கையால் சுற்றினாள். எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வா என்றேன். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "அத்தை, உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. பெரியத்தை மேலயும் இல்ல. அவர் போன் பண்ணினா முதல்ல உங்க முட்டியைக் கேப்பார், அப்புறம் மாமாவை, அப்புறம் மாட்டை, அப்புறம் பிள்ளையை. என்கிட்ட கேக்கறதுக்கு அவருக்கு ஒண்ணும் இருந்ததில்ல. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரே ஒரு தடவைதான் வலிக்குதான்னு கேட்டிருக்கார். அதுவும் திட்டறதுக்குக் கேட்டார்" என்றாள். சோனுன் குறுக்கிட்டு, கை குணமாகிறவரை என் பெண் எந்த வீட்டிலும் மாடு கறக்கமாட்டாள், குணமானபிறகு வருவதா வேண்டாமா என்று அவளே சொல்வாள் என்றாள். அது நியாயம்தான். நான் ஆய்பீகேயை மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது பெர்மெத்தின் தம்பி காரில் கொண்டுவந்து விட்டான், அப்போது ஏறிக்கொண்டேன். நேற்று முழுவதும் கால் கனத்தது, பாதி தூரம் மட்டும் நடந்தேன், இன்று இறங்கிவிட்டது. என் காலைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு இப்போது கவலை அந்தக் கையைப் பற்றியும், நீங்கள் இரண்டு பேரும் என்ன ஆவீர்கள் என்பதைப் பற்றியும்தான். அவள் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டில் எனக்கு எந்த மெத்தையும் வேண்டாம்.

உன்னைப் பற்றியும் ஒரு சேதி வந்தது. கைராட் டீ குடிக்கும்போது வாய் தவறி உளறிவிட்டான், நீ இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு பெட்டி தூக்குகிறாயாம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கட்டிலில் கிடக்கிறாயாம், வெறும் வயிற்றில் வலி மாத்திரையை விழுங்குகிறாயாம். கொரியாவிலிருந்து எனக்குப் பட்டை அனுப்புகிறவன் தன் முதுகுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டானோ என்னவோ. இந்தக் குடும்பத்தில் ஒருவருக்குமே வலியைச் சொல்லத் தெரியவில்லை. கேள், ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடக்காதே, எழுந்து வெளியில் நட, படுத்தால் முதுகு இன்னும் இறுகும். பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்கு, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்பு. கனமான பெட்டிக்கு இன்னொருவனைக் கூப்பிடு, வெட்கம் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு, அதையும் டாக்டரிடம் கேட்டுப் போடு. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் தொந்தரவு வந்தாலோ வேலையாவது ஒன்றாவது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் வலி தெரிந்திருந்தால் இதையெல்லாம் உனக்குப் பெர்மெத்தே சொல்லியிருப்பாள், என் காலுக்கு இவ்வளவு பார்த்தவள் உன் முதுகுக்குப் பார்க்கமாட்டாளா. உனக்கும் வலி இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னது. நான் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது.

மேய்ச்சல் மலைக்கு ஜூன் கடைசியில்தான் ஏறுவோம் என்கிறார் அப்பா, இந்த வருஷம் நானும் ஏறுவேன். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், தான் இப்போது நன்றாகப் பால் கறப்பதாகவும் எழுதச் சொன்னார், அதை நம்பாதே. உனக்கு நல்ல ஆயுசும் நல்ல உடம்பும் கிடைக்கட்டும், உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் பிள்ளை உன் கையைப் பிடித்து நடக்கிற நாளை நான் பார்க்க வேண்டும். அம்மா கோபமாக எழுதிவிட்டாள் என்று நினைத்தால், ஆமாம், கோபமாகத்தான் எழுதினேன்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய். வலது கையில் கட்டு இருக்கிறது, இடுப்பில் பிள்ளை இருக்கும், எடுக்க அவளுக்கு நேரம் ஆகும். எடுக்கும்வரை மணி அடிக்கட்டும். எடுத்ததும் எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை வைத்துவிடாதே.

உன் அம்மா,
சாய்கால்
கரா-புலாக்